நம் தளமும் அதன் திறவுகோலும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் பெயரால் நாமே நடத்தும் வலைத்தளத்தை எவ்வாறு நம் தேவைக்கேற்ப மாற்றி அமைத்துச் செம்மை செய்வது என்பது இன்று நமக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். இது கணினி படித்த பிள்ளைகளுக்குரிய பேச்சு, நமக்கென்ன என்று பெரியவர்கள் எழுந்து சென்றுவிட வேண்டா. முற்பகுதி உங்களுக்கே உரியது. பிற்பகுதியில் சற்று நுணுக்கமான செய்திகள் வரும். அவற்றை இளைஞர்கள் குறித்துக்கொள்வார்கள்.

நாம் கூடியிருக்கும் இந்தத் திருவாலங்காட்டின் பெயரை வரலாற்று உலகம் அறிந்திருப்பதற்கு ஒரு காரணம், 1905ஆம் ஆண்டில் இங்குக் கிடைத்த செப்பேடுகள். இராசேந்திர சோழன் காலத்தவை, 31 ஏடுகள், வடமொழியும் தமிழும் கலந்தவை. பக்கத்திலுள்ள பழையனூரைக் கோயிலுக்கு வழங்கிய செய்தியை அவை விரிவாகக் கூறுகின்றன. ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அச்செய்தி அழியவில்லை. ஏனெனில் எழுதியவனிடம் செம்பு இருந்தது, உளி இருந்தது, ஏடுகளைக் கோத்துப் பூட்டும் வளையமும் அரச முத்திரையும் இருந்தன. சோழர் கல்வெட்டுகளில் நம் மக்களும் வருகிறார்கள். தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெற்றுள்ளன. நாம் எழுதப்பட்டோம், எழுதவில்லை. எழுதும் கருவி பிறர் கையில் இருந்தது என்பதே அதன் பொருள்.

அக்கருவியைக் கைப்பற்றிய கதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஓர் இதழைச் சென்னையில் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைப்பில் ஏற்றிய துணிவை எண்ணிப் பாருங்கள். பின்னர் அதற்கெனத் தனி அச்சகமும் அமைந்தது. 1907இல் பண்டிதர் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1914இல் அவர் மறையும் வரை வாரந்தோறும் வந்தது. அதன்பின் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அவ்விதழை மீண்டும் நடத்தினார். மராட்டியத்தில் அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ இதழை வெளியிட்டார். அதன் வருகையைக் கட்டண விளம்பரமாகக் கூட வெளியிடக் கேசரி ஏடு மறுத்தது என்பது அவரே பதிந்துள்ள செய்தி. காசு கொடுத்தாலும் இடம் இல்லை என்றபோது, தமக்கென ஓர் இடத்தை அவர்கள் அமைத்துக்கொண்டார்கள்.

இன்று இடத்திற்குப் பஞ்சமில்லை என்று இளைஞர்கள் கூறலாம். முகநூலில் சங்கத்திற்குப் பக்கம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் குழு இருக்கிறது, காசும் கேட்பதில்லை. பிறகு தனித்தளம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். நம் ஊர் வழக்கில் விடை கூறுவோம். புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்ந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். குடிசை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பட்டா இல்லாத மனையில் இரவு உறக்கம் எப்படி இருக்கும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஆர்க்குட் என்றொரு தளம் இருந்தது; இந்திய இளைஞர்கள் இலட்சக்கணக்கில் அதில் எழுதினார்கள்; 2014 செப்டம்பரில் அதை மூடிவிட்டார்கள். கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. யாகூ குழுக்கள் 2020இல் முடிந்தன. மூடியவர்கள் நம்மிடம் ஒப்புதல் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. மனை அவர்களுடையது.

மூடாமல் இருக்கும் இடங்களிலும் ஓர் இடர் உண்டு. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளைப் பற்றி நாம் ஓர் அறிவிப்பு வெளியிட்டால், அதை யாருக்குக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதை அந்நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. கடைசி நாள் கழிந்தபின் பிள்ளையின் கைபேசியில் அறிவிப்பு மேலெழுந்து வந்து பயனென்ன? வாட்ஸ்அப் குழுவிலோ அதே அறிவிப்பு நூறு காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது.

ஆகவே நம் பெயரில் ஒரு தளம் வேண்டும். ஆனால் இங்கு உண்மையை மறைக்கலாகாது. நாமே நடத்தும் தளத்திலும் முழு உடைமை கிடையாது. தளம் குடியிருக்கும் சர்வர் என்னும் வழங்கிக் கணினி வாடகைக்குத்தான் கிடைக்கிறது. டொமைன் எனப்படும் தளப்பெயரையும் குறித்த காலத்திற்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். வேறுபாடு யாதெனில், வாடகை வீட்டுக்காரர் ஒத்துவராவிட்டால் சட்டிபானையோடு அடுத்த வீட்டுக்குப் போகலாம். பெயர்ப் பலகையும் நம்மோடு வரும். அப்பெயர்ப் பலகை யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதே முதற்கண் பார்க்க வேண்டியது. தளம் செய்து கொடுப்பவர் தம் மின்னஞ்சலிலேயே பெயரைப் பதிந்து வைத்துக்கொள்வதும், சில ஆண்டுகள் கழித்து அவரைத் தேடி அலைவதும் பல சங்கங்களில் நடக்கும் கதை. பட்டாவை மேஸ்திரி பெயரில் எழுதுவோமா? தளப்பெயர், ஹோஸ்டிங் கணக்கு, இரண்டும் சங்கத்தின் மின்னஞ்சலில், சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் நிருவாகிகள் இருவரிடம் இருக்கட்டும். அவ்விருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நன்று. சாவி எப்போதும் ஆண்கள் சட்டைப்பையில் இருக்கும் பழக்கத்தை இந்த வெள்ளி விழாவோடாவது விட்டொழிப்போம்.

இனிக் கருவியைப் பற்றி. நாம் பரிந்துரைப்பது வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள். 2003 மே 27இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் இதை வெளியிட்டனர். அவர்களும் புதிதாகத் தொடங்கவில்லை. பிறர் எழுதிக் கைவிடப்பட்டிருந்த பி2 என்னும் நிரலை எடுத்துச் செப்பனிட்டார்கள். இன்று உலக வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதனால் இயங்குகின்றன. விலை இல்லை என்பது சிறிய நன்மை. பெரிய நன்மை அதன் உரிமத்தில் உள்ளது. ஜிபிஎல் எனப்படும் அவ்வுரிமத்தின்படி, எவரும் அதன் நிரலைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்கு வழங்கலாம். நூலைத் தொடக்கூடாது, ஓதுவதைக் கேட்கக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்ட மக்களுக்கு, முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை திறந்தே கிடக்கும் நூலின் அருமை சொல்லாமலே விளங்கும். நம் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாமல், திறந்து படிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறோம்.

அந்த மென்பொருளில் மூன்று அடுக்குகள் உண்டு. அடித்தளமான நிரல் ஒன்று, அதைத் தொடக்கூடாது. தோற்றத்தை ஆளும் தீம் என்னும் வார்ப்புரு ஒன்று. புதிய வேலைகளைச் சேர்க்கும் பிளகின் என்னும் செருகுநிரல்கள் மூன்றாவது. செருகுநிரல் 2004இல் வந்தது, வார்ப்புரு 2005இல். இலவசமாகக் கிடைக்கும் செருகுநிரல்கள் மட்டும் இன்று பல்லாயிரக்கணக்கில் உள்ளன.

அடித்தளத்தைத் தொடாமல் அதன் வேலையை எப்படி மாற்ற முடிகிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதி வித்தை கைவந்துவிடும். நம் ஊர்ச் சர்க்கரை ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். கரும்பு நசுங்கிச் சாறு வருகிறது. அது குழாய் வழியே போகும்போது ஓரிடத்தில் சுண்ணாம்பு சேர்த்துத் தெளிய வைக்கிறார்கள். சாறு அங்கே உள்ளே போகிறது, மாறி வெளியே வருகிறது, மேற்கொண்டு செல்கிறது. வேர்ட்பிரஸ் தன் குழாய் வழி நெடுக இத்தகைய திறப்புகளை வைத்திருக்கிறது. ஒரு கட்டுரையின் தலைப்போ சுருக்கமோ அவ்வழியே வரும்போது நாம் பிடித்து, மாற்றி, மீண்டும் குழாயில் விட்டுவிடலாம். இதற்கு ஃபில்டர் என்று பெயர். மாற்றியதைத் திருப்பி விட மறந்தால், மறுமுனையில் ஒன்றும் வராது. புதியவர்கள் முதல் வாரத்தில் காணும் வெற்றுப் பக்கத்திற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மற்றொரு வகை, ஆலைச் சங்கு போன்றது. சங்கு ஊதுகிறது; அவரவர் தத்தம் வேலையைச் செய்கிறார்கள்; சங்கிற்கு எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. கட்டுரை வெளியாயிற்று என்று வேர்ட்பிரஸ் ஒரு சங்கு ஊதும். அதைக் கேட்டு உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் நிரலை நாம் எழுதலாம். இதற்கு ஆக்ஷன் என்று பெயர். இவ்விரண்டுக்கும் பொதுப்பெயர் ஹூக், அதாவது கொக்கி. எந்தப் பெரிய செருகுநிரலைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இக்கொக்கிகளே தொங்கிக்கொண்டிருக்கும்.

தமிழுக்கென்று செய்ய வேண்டிய திருத்தங்கள் சில உள்ளன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இவை கிடைப்பது அரிது என்பதால் இங்குச் சற்று நின்று செல்வோம்.

வேர்ட்பிரஸ் ஒவ்வொரு கட்டுரைக்கும் அதன் தலைப்பிலிருந்தே ஒரு முகவரியை ஆக்கிக்கொள்கிறது. யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முகவரியில் ஒரு பைட்டு, விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக விரியும். ஆக, ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து. திருவாலங்காடு என்னும் பெயரில் 13 குறியீடுகள். அது 117 எழுத்தாகிவிடுகிறது. வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் இதற்கென ஒதுக்கியிருப்பதோ 200 எழுத்துக்கான இடம். அதற்கு மேற்பட்டால் வெட்டிவிடும். ‘ஆதிதிராவிடர் மாணவர் கல்வி உதவித்தொகை’ என்று தலைப்பிட்டால், கல்வி என்ற சொல் முடிவதற்குள்ளேயே இடம் தீர்ந்துபோகும், உதவித்தொகை வெட்டுப்பட்டுவிடும். உதவித்தொகை வெட்டுப்படுவது நமக்குப் பழகிய செய்தியே ஆயினும், நம் சொந்தத் தளத்திலும் அது நடக்க வேண்டியதில்லை அன்றோ! மேலும் அம்முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட கோவையாகத் தோன்றி, ஏதோ மோசடி இணைப்பு என்று பெற்றோர் அஞ்சித் தொடாமல் விடுவர். தலைப்பு தமிழில் முழுமையாக இருக்கட்டும். முகவரிக்குரிய கட்டத்தில் மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டொரு சொல்லும் ஆண்டும் இடுங்கள். முன்பே வெளியான கட்டுரைகளின் முகவரியை இப்போது சுருக்கினாலும் கெடுதல் இல்லை. பழைய முகவரிக்கு வருபவரை வேர்ட்பிரஸ் புதிய இடத்திற்குத் தானே அனுப்பிவைக்கும்.

அடுத்தது கட்டுரைச் சுருக்கம். முகப்பில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே 55 சொற்களைக் காட்டுவது அதன் இயல்பான அளவு. இது ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு வைத்த அளவு. ஆங்கிலத்தில் நான்கு சொல்லாக நிற்பதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிடும். ஆகவே நம் முகப்பில் 55 சொல் என்பது கைபேசித் திரை முழுவதையும் அடைத்து, இரண்டாவது அறிவிப்பைக் கண்ணுக்குப் படாமல் செய்துவிடுகிறது. இதற்கென உள்ள ஃபில்டரைப் பிடித்து 55 என்பதை 20 என்று மாற்ற மூன்றே வரி போதும். நம் தம்பி தங்கையர் எழுதிப் பழகுவதற்கு இதைவிட நல்ல முதற்பாடம் இல்லை. முகப்பைக் கட்டங்களாக அமைக்கும் புதுவகை வார்ப்புருவாயின், நிரல் எழுதாமல் அமைப்புப் பலகையிலேயே இவ்வெண்ணை மாற்றலாம்.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஏற்ற வரி இடைவெளியில் தமிழை வைத்தால், மேல்வரியின் உகரக் கால்களும் கீழ்வரியின் இகரக் கொம்புகளும் ஒன்றையொன்று இடிக்கும். சிஎஸ்எஸ் என்னும் தோற்ற விதிகளில் வரி உயரத்தை எழுத்தளவைப்போல் 1.7 அல்லது 1.8 மடங்காக்குங்கள். கண்ணாடி அணிந்த பெரியவர்களும் படிப்பார்கள். நோட்டோ வகைத் தமிழ் எழுத்துருக்கள் இலவசம். அவற்றை நம் வழங்கியிலேயே ஏற்றிக்கொள்ளலாம். 2024இல் வந்த 6.5ஆம் பதிப்பு முதல், புதுவகை வார்ப்புருக்களில் இதற்கெனச் செருகுநிரல் எதுவும் தேவைப்படுவதில்லை.

எழுத்துரு என்றதும் ஒரு வேதனை நினைவுக்கு வருகிறது. நம் சங்கங்களின் பழைய மலர்களும் ஆண்டறிக்கைகளும் அச்சுக் கோப்பகங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கங்களில் தட்டச்சானவை. அவற்றை அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டபின்னும் இந்தக் குழப்பம் ஓயவில்லை. இவற்றை மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். பக்கத்தைப் படமாகப் பிடித்துப் போட்டுவிடுவது எளிது; ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் பொறி சரிவரக் கண்டுபிடிக்காது, கண்பார்வையற்ற மாணவரின் படிப்புக் கருவியும் வாசிக்காது.

படங்களைப் பற்றி ஒரு சொல். கைபேசியில் எடுத்த ஒரு நிழற்படம் மூன்று நான்கு மெகாபைட் இருக்கும். விழாப் படங்கள் இருபதை அப்படியே ஏற்றினால், அப்பக்கத்தைத் திறக்கும் பிள்ளையின் இணைய அளவு வீணாகும். ஏற்றுவதற்கு முன் அகலத்தை 1200 புள்ளிக்குக் குறைத்தால் பத்தில் ஒரு பங்கும் ஆகாது.

இனி, கை வைக்கும் முறை. வார்ப்புருவின் கோப்புகளை நேரடியாகத் திருத்துவது பலரும் செய்வது. அது வீண் உழைப்பு. அடுத்த முறை வார்ப்புரு புதுப்பிக்கப்படும்போது நம் திருத்தங்கள் முழுதும் அழிந்துபோகும். இதற்காகவே சைல்ட் தீம், அதாவது சேய் வார்ப்புரு என்னும் ஏற்பாடு இருக்கிறது. தாயிடமிருந்து அனைத்தையும் பெற்றுக்கொண்டு, நாம் மாற்றியதை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் தனிக் கோப்புறை அது. தாய் புதுப்பிக்கப்பட்டாலும் சேயிடம் உள்ளது கெடாது. இரண்டே கோப்புகளில் தொடங்கலாம்: ஒன்று தோற்ற விதிகளுக்கு, மற்றொன்று பிஎச்பி நிரலுக்கு. தோற்றத்தோடு தொடர்பில்லாத நிரலைச் சேய் வார்ப்புருவிலும் வைக்காமல், சிறியதொரு சொந்தச் செருகுநிரலாக எழுதிக்கொள்வது இன்னும் மேல். நாளை வார்ப்புருவையே மாற்றினாலும் அந்நிரல் நிலைத்திருக்கும். செருகுநிரல் எழுதுவது பெரிய பொறியாளர் வேலை என்று மலைக்க வேண்டா. மேலே பெயரைக் குறிப்பிடும் ஒரு குறிப்புரை, கீழே நாம் முன்சொன்ன மூன்று வரி. அதுவும் ஒரு செருகுநிரலே.

பிஎச்பி நிரலில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் தளம் முழுவதும் நின்றுவிடலாம். 2019இல் வந்த 5.2ஆம் பதிப்பு முதல், இவ்வாறு நின்றால் நிருவாகியின் மின்னஞ்சலுக்கு மீட்புவழி இணைப்பு ஒன்று வரும். பிழையான பகுதியை மட்டும் நிறுத்திவைத்து உள்ளே நுழையலாம். நிருவாகியின் மின்னஞ்சல் சங்கத்துடையதாக இருக்க வேண்டும் என்று முன்னர் வற்புறுத்தியது இதற்காகவும்தான். இருப்பினும், திருத்தத்தை முதலில் சொந்தக் கணினியில் ஒரு படி வைத்துப் பார்த்துவிட்டு, பின்னரே தளத்தில் ஏற்றுவது முறை. சாம்ப் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு, இணையமே இல்லாமல் வீட்டுக் கணினியில் வேர்ட்பிரஸை நிறுவலாம். சிப்காட்டில் இரவுப் பணி முடித்து வரும் தம்பிகள் அறிவார்கள்: ஓடும் இயந்திரத்தில் எவரும் கை வைப்பதில்லை.

செருகுநிரல்களைத் தேர்வதில் அடக்கம் தேவை. இலவசம் என்பதால் முப்பது நாற்பது சேர்த்து வைப்போர் உண்டு. ஒவ்வொன்றும் நம் வீட்டுக்கு மற்றொருவர் வைக்கும் கதவு; அவர் பூட்டை மறந்தால் நாம்தான் பறிகொடுப்போம். 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்னும் செருகுநிரலில் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. ஏழு இலட்சம் தளங்களில் அது நிறுவப்பட்டிருந்தது. கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைந்து தீய கோப்புகளை ஏற்ற அது வழிவிட்டது. ஆகவே சேர்ப்பதற்கு முன், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, இப்போதைய பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஈராண்டாகத் தொடப்படாதது வேண்டா. பயன்படுத்தாததை நிறுத்திவைத்தால் போதாது, நீக்கிவிட வேண்டும். காப்புப் படி எடுக்க ஒன்று, பக்கங்களை விரைந்து காட்ட ஒன்று, உள்நுழைவைக் காக்க ஒன்று, தொடர்புப் படிவத்துக்கு ஒன்று. கல்விச் சங்கத்துக்கு இவையே பெரும்பாலும் போதும். விரைந்து காட்டுவது எதற்கென்றால், ஒவ்வொருவர் கேட்கும்போதும் வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தைத் துழாவிப் பக்கத்தைப் புதிதாகச் சமைக்கிறது. பந்திக்கு ஒவ்வொருவராக உலை வைப்பதைப் போன்றது அது. பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் எல்லோரும் ஒரே வேளையில் வந்தால் தாங்காது. கேஷ் என்னும் செருகுநிரல் சமைத்ததை எடுத்து வைத்துப் பரிமாறும்.

தொடர்புப் படிவம் என்று சொன்னோம். இவ்வுரையில் நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தி இதுதான். உதவித்தொகைக்கு உதவுகிறோம் என்னும் நல்லெண்ணத்தில், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் நகல் ஆகியவற்றைத் தளத்தின் படிவம் வழியே ஏற்றுமாறு பிள்ளைகளைக் கேட்கும் சங்கங்கள் உள்ளன. வேர்ட்பிரஸில் ஏற்றப்படும் கோப்புகள் இயல்பாகச் சென்று சேரும் கோப்புறை பொதுவில் திறந்திருப்பது. முகவரி தெரிந்த எவரும் கடவுச்சொல் இன்றி அதைத் திறக்கலாம்; பாதுகாப்புச் செய்யாவிடில் தேடல் பொறியும் எடுத்துக்காட்டலாம். சாதியை மறைத்து வாடகை வீட்டில் குடியிருக்கும் மாணவியரும், அலுவலகத்தில் சாதி தெரியாமல் பணிபுரியும் இளைஞர்களும் நம்மிடையே உண்டு. அது கோழைத்தனம் என்று மேடையில் பேசுவது எளிது. வீடு தேடி அலைந்தவர்க்குத்தான் அதன் வலி தெரியும். அவர்களுடைய சான்றிதழ் நம் தளத்திலிருந்தே ஊருக்குத் தெரியவருமாயின், அதனினும் பெருங்கேடு என்ன இருக்க முடியும்? தனிநபர் தரவைக் காக்க 2023இல் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் இல்லாவிடினும் இது நம் கடமை. படிவத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் கேளுங்கள். சான்றிதழைச் சங்க அலுவலகத்தில் நேரில் பாருங்கள். பார்த்ததும் கையோடு திருப்பிக் கொடுங்கள். முதல் பட்டதாரிகளின் பட்டியலையும் படத்தையும் வெளியிடும்போதும், ஒவ்வொருவரிடமும் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள்.

காப்புப் படியைப் பற்றிச் சொல்ல வேண்டியது உண்டு. ‘தமிழன்’ இதழ் நின்றபின் அயோத்திதாசரின் எழுத்துகள் பல பத்தாண்டுகள் பொதுமக்கள் பார்வையில் இல்லை. அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்துக் காத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் 1999இல் அவற்றை நூலாக வெளியிட்டது. அதன் பின்னரே அந்தப் பேரறிஞரைத் தமிழ்நாடு மீண்டும் படித்தது. சில வீடுகளில் சிலர் பத்திரப்படுத்திய படிகள் இல்லையெனில் என்ன ஆகியிருக்கும்? வேர்ட்பிரஸ் தளத்தில் காக்க வேண்டியவை இரண்டு: எழுத்தெல்லாம் தரவுத்தளத்தில் இருக்கிறது, படங்களும் வார்ப்புருவும் கோப்புகளாக இருக்கின்றன. ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டால் பாதி வீடே மிஞ்சும். வாரம் ஒருமுறை இரண்டும் தானே படியெடுக்கும்படி செருகுநிரலை அமைத்து, படியை வழங்கிக்கு வெளியே வேறிடத்தில் சேமியுங்கள். மாதம் ஒருமுறை ஒரு வன்தட்டில் எடுத்து உறுப்பினர் ஒருவர் வீட்டில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்படியைக் கொண்டு வீட்டுக் கணினியில் தளத்தை எழுப்பிப் பாருங்கள். எழுப்பிப் பார்க்காத படி இருந்தும் இல்லாததே. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் அமைப்பு 1996 முதல் உலகத் தளங்களைப் படியெடுத்துக் காத்துவருகிறது. முக்கியமான பக்கங்களின் முகவரியை அங்கே கொடுத்தால் அதுவும் ஒரு படி எடுத்துக்கொள்ளும்.

தளத்தில் எழுதுவோர்க்கு வேர்ட்பிரஸில் நிலைகள் உண்டு. மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பங்களிப்பாளர் நிலை கொடுங்கள். அவர்கள் எழுதலாம், வெளியிட முடியாது. ஆசிரியர்கள் பார்த்துத் திருத்தி வெளியிடட்டும். நிருவாகி நிலை இருவருக்கு மேல் வேண்டா.

எதை எழுதுவது என்று கேட்பீர்கள். இத்திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் ஆந்திரத்தோடு இருந்தது. அதன்பின் தமிழகத்தோடு சேர்ந்தது. அக்காலத்தில் நம் முதியோர் எப்பள்ளியில் படித்தனர், எம்மொழியில் மனு எழுதினர், நிலத்துக்காக எங்கெங்கு நடந்தனர் என்பதெல்லாம் எந்நூலிலும் முழுமையாக இல்லை. வீடுகளில் தகரப் பெட்டிகளில் காகிதங்கள் இருக்கின்றன; சொல்ல வல்ல பாட்டிமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். உதவித்தொகை நாட்கள், விடுதிச் சேர்க்கை, தேர்வாணைய அறிவிப்புகள் ஆகியவை முகப்பில் முதலில் நிற்கட்டும். அதனடியில் இந்த நினைவுகளுக்கு ஒரு தனிப்பகுதி வேண்டும்.

சங்கத்தின் தளப்பெயர் யார் பெயரில் உள்ளது என்பதைச் செயலாளர் அவர்கள் அடுத்த செயற்குழுவிலேயே தெரிவிக்க வேண்டுகிறோம். இளைஞர்களில் மடிக்கணினி வைத்திருப்போர் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மாலை வகுப்பு நடக்கும் கூடத்துக்கு வாருங்கள். இல்லாதோர் இருப்பவர் பக்கத்தில் அமரலாம். முதலில் வீட்டுக் கணினியில் நிறுவுவோம். பிறகு 55ஐ 20 ஆக்குவோம். நேரம் மிஞ்சினால், நம் 25 ஆண்டு அறிக்கைகளில் முதலாண்டு அறிக்கையை யூனிகோடுக்கு மாற்றத் தொடங்குவோம்.